ஒட்டக ரோமத்தின் தரம் வயதைப் பொறுத்ததா?

எழுதியவர்: தறிநிழல்

வணக்கம். கைத்தறியில் கம்பளிச் சால்வைகள் நெய்து வருகிறேன். இதுவரை ஆட்டு ரோமத்தோடுதான் எனக்குப் பழக்கம். இப்போது குளிர்நாட்டில் வாழும் வாடிக்கையாளர் ஒருவர், ஒட்டக ரோமத்தைச் சாயமேற்றாமல் அதன் இயல்பான நிறத்திலேயே சால்வையாக நெய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். மங்கோலிய ரோமம் விற்கும் வணிகர் எனக்கு மூன்று மாதிரிகள் அனுப்பியுள்ளார். ஒன்றில் 'பேபி கேமல்' என்றும், மற்றொன்றில் வளர்ந்த ஒட்டகத்தின் உள்ரோமம் என்றும் எழுதியிருக்கிறது. மூன்றாவது, முரட்டு ரோமம் பிரிக்கப்படாத கலவை. முதலாவதன் விலை இரண்டாவதைவிட மிக அதிகம். காரணம் கேட்டதற்கு, குட்டியின் ரோமம் எப்போதும் உயர்ந்தது என்பதற்கு மேல் அவர் விளக்கம் எதுவும் தரவில்லை.

இரண்டையும் விரலிடையே உருட்டிப் பார்த்தபோது வேறுபாடு தெரிகிறது. அது வயதால் வந்ததா, பிரித்தெடுத்த முறையால் வந்ததா என்பதுதான் விளங்கவில்லை. எந்த வயதில் ரோமம் தடிக்கத் தொடங்குகிறது? முதிய ஒட்டகத்தின் ரோமம் சால்வைக்கே உதவாதா? இராஜஸ்தான் ஒட்டகங்களுக்கும் இதே கணக்குதானா? அறிந்தவர்கள் சற்று விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

எழுதியவர்: இழைக்கணக்கு

நூலிழைப் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் பணிபுரிந்தவன் என்ற முறையில், கருவி காட்டுவதிலிருந்து தொடங்குகிறேன்.

மங்கோலியாவில் வளரும் இரட்டைத் திமில் ஒட்டகத்தின் உடலில் இரண்டு வகை ரோமங்கள் சேர்ந்தே வளர்கின்றன. தோலை ஒட்டி அடர்ந்திருக்கும் மென்மையான உள்ரோமம் பெரும்பாலும் 16 முதல் 25 மைக்ரான் விட்டம் கொண்டது. அதற்கு மேலே நீண்டு நிற்கும் வெளிரோமம் 50 மைக்ரானைத் தாண்டிவிடும்; 100 மைக்ரானுக்கும் மேற்பட்ட இழைகளும் உண்டு. வயதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் உள்ரோமத்தைப் பற்றியதே. முதல் ஆண்டுக் குட்டியின் உள்ரோமம் பொதுவாக 17 மைக்ரானை ஒட்டியும், நன்கு வளர்ந்த விலங்கினுடையது 19, 20 மைக்ரானை ஒட்டியும் அமைகிறது. ஆண்களிடம் இதைவிடத் தடிமனாகவும் காணலாம்.

மூன்று மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் மூன்று பங்குதான். ஆனால் ஓர் இழை வளைவதற்குக் காட்டும் எதிர்ப்பு அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்துக் கூடுகிறது. அதனால் 17 மைக்ரான் இழையோடு ஒப்பிட, 20 மைக்ரான் இழையின் விறைப்பு ஏறத்தாழ இருமடங்காகிவிடுகிறது. உங்கள் விரல்கள் உணர்ந்தது இந்த இருமடங்கைத்தான். நூலிலும் இதன் விளைவு தெரியும். ஒரே தடிமனில் நூற்கும்போது, 17 மைக்ரான் ரோமத்தால் ஆன நூலின் குறுக்குவெட்டில் 20 மைக்ரான் ரோமத்தைவிட ஏறத்தாழ 38 விழுக்காடு கூடுதலான இழைகள் அமையும். இழைகள் கூடுதலாக இருந்தால் நூல் சீராக ஓடும். மேலும் மெல்லியதாக நூற்கவும் இடமிருக்கும்.

வயது ஏன் ரோமத்தைத் தடிமனாக்குகிறது? ரோமம் தரும் விலங்குகளில், உள்ரோமம் தரும் மயிர்க்கால்கள் பெரும்பாலும் கருப்பையிலேயே உருவாகிவிடுகின்றன. அவை முதிர்ச்சியடைவது பிறப்பை ஒட்டிய மாதங்களில். அதன்பின் விலங்கு வளர வளரத் தோலின் பரப்பு விரிகிறதே தவிர, மயிர்க்கால்களின் எண்ணிக்கை அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஆகவே ஒரு சதுர மில்லிமீட்டரில் உள்ள மயிர்க்கால்கள் குறைகின்றன. ஒவ்வொன்றின் அடிக்குமிழும் பருத்து, கூடுதல் ஊட்டம் பெற்று, தடித்த இழையைத் தள்ளுகிறது. உடல் எந்த ஆண்டுகளில் விரைவாக வளர்கிறதோ அந்த ஆண்டுகளிலேயே ரோமமும் விரைவாகத் தடிக்கிறது. பெண் ஒட்டகம் 3, 4 வயதிலும் ஆண் 5, 6 வயதிலும் இனப்பெருக்கத்துக்கு முதிர்கின்றன. அந்த எல்லையைக் கடந்தபின் மாற்றம் மெதுவாகிவிடுகிறது. முதல் கத்தரிப்புக்கும் மூன்றாம் கத்தரிப்புக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையே அத்தகைய வேறுபாட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சராசரி விட்டத்தை மட்டும் பார்த்து ரோமத்தை மதிப்பிடக் கூடாது. உடலை உறுத்துவது சராசரி அன்று. கூட்டத்தில் கலந்திருக்கும் தடித்த சில இழைகளே. கம்பளி ஆய்வில் நெடுநாளாக ஏற்கப்பட்ட கணக்கின்படி, 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைகள் 5 விழுக்காட்டைத் தாண்டும்போது பெரும்பாலோருக்குத் தோலில் அரிப்பு உணர்வு தோன்றுகிறது. சராசரி 18 மைக்ரானாக இருந்தும் கழுத்தைக் குத்தும் மாதிரிகளை நான் கண்டிருக்கிறேன். குட்டியின் ரோமம் உயர்வாகக் கருதப்படுவதற்கு அதன் சராசரி குறைவு என்பது ஒரு காரணம். அதில் இந்தத் தடித்த இழைகளின் பங்கு சிறியதாக இருப்பது அதைவிட முக்கியமான காரணம் என்பது என் எண்ணம்.

எழுதியவர்: மேய்ச்சல்வழி

நான் கால்நடை மருத்துவர். பிகானேர், ஜெய்சல்மேர் வட்டாரங்களில் ஒற்றைத் திமில் ஒட்டகங்களுடன் பணியாற்றியிருக்கிறேன். இராஜஸ்தானைப் பற்றிய கேள்விக்கு விடை தருகிறேன்.

அங்குள்ள ஒட்டகம் கடுங்குளிர் நாட்டு விலங்கு அன்று. அடர்ந்த உள்ரோமப் போர்வை அதற்குத் தேவைப்படவும் இல்லை. மங்கோலிய ஒட்டகம் ஆண்டுக்கு 5 கிலோ அளவுக்கு ரோமம் தருகிறது என்றால், இராஜஸ்தான் ஒட்டகத்திடம் 1 கிலோ கிடைப்பதே நல்ல விளைச்சல். அந்த ஒரு கிலோவிலும் முரட்டு ரோமத்தின் பங்கு மிகுதி. வளர்ந்த விலங்கின் ரோமத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், பல இழைகளின் நடுவே காற்றறைகள் நிறைந்த உள்ளீடு நீளமாக ஓடுவதைக் காணலாம். அத்தகைய இழை விறைப்பாக நிற்கும். சாயமும் அதில் சீராகத் தெரியாது. அதனால்தான் அங்கு அது கயிறாகவும், கட்டிலுக்குப் பின்னும் நாடாவாகவும், கோணியாகவும், தரைவிரிப்பாகவும் ஆகிறது. ரைக்கா மேய்ப்பர்கள் விலங்குகளின் பின்னால் நடந்துகொண்டே கைக்கதிரில் அந்த ரோமத்தை நூற்பார்கள்.

ஆகவே இராஜஸ்தானில் வயதின் பொருள் வேறு. மங்கோலிய ரோமத்தில் குட்டிக்கும் தாய்க்கும் உள்ள வேறுபாடு, நல்லதற்கும் மிக நல்லதற்கும் இடையே உள்ளது. ஒற்றைத் திமில் ஒட்டகத்திலோ குட்டியின் ரோமம் உடுக்கத் தக்கது. வளர்ந்ததன் ரோமம் பெரும்பாலும் விரிப்புக்குத்தான் உரியது. குட்டியின் முதல் ரோமம் மென்மையாகவும் சுருளோடும் இருக்கும். அதைத் தனியே சேர்த்து மெல்லிய ஆட்டு ரோமத்துடன் கலந்தால் சால்வைக்குரிய நூல் கிடைக்கும். பிகானேரில் 1984இல் தொடங்கப்பட்ட தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையமும் ஒட்டக ரோமத்தைப் பிற இழைகளோடு கலந்து பயன்படுத்தும் முயற்சிகளில் ஈடுபட்டு வந்திருக்கிறது. ஆனால் களத்தில், மார்ச், ஏப்ரல் மாதங்களில் கத்தரிக்கும்போது எல்லா வயதின் ரோமமும் ஒரே மூட்டைக்குள் போய்விடுகிறது. தரம் அந்த மூட்டையிலேயே தொலைந்துவிடுகிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி.

முதுமையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இதில் எச்சரிக்கை தேவை. முதிய ஒட்டகத்தின் பற்கள் தேய்ந்துவிடுகின்றன. முட்செடிகளை மென்று தின்ன முடியாததால் உடல் மெலிகிறது. உணவு குறைந்த உடலில் மயிர்க்காலுக்குச் செல்லும் ஊட்டமும் குறைகிறது; வளரும் இழை மெல்லியதாகிறது. அதைக் கருவியில் வைத்தால் மைக்ரான் எண் குறைவாகவே காட்டும். அந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் அதை நல்ல ரோமம் என்று நினைத்துவிடுவார். உண்மையில் அது பசியால் மெலிந்த இழை. சற்று இழுத்தாலே அறுந்துவிடும். வறட்சி ஆண்டில் இளம் விலங்குக்கும் இதே நிலை ஏற்படலாம். சினையாக இருக்கும்போதும் பால் சுரக்கும்போதும் தாய் விலங்கின் ஊட்டம் வேறு வழியில் செல்வதால் ரோமத்தின் அளவும் வலிமையும் குறையக்கூடும். சொறி பிடித்த உடலில் வளர்ந்த ரோமத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; எந்த வயதானாலும் அது வீண்தான்.

எழுதியவர்: கதிர்நூல்

ஒரு சிறிய ஐயம். ஆட்டுக்குட்டியின் முதல் கத்தரிப்பு ரோமத்தை அதன் கூர்நுனியைக் கொண்டு அடையாளம் காணலாம் என்று நூற்புப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஒருமுறை கத்தரித்தபின் வளரும் ரோமத்தின் இரு முனைகளும் வெட்டுண்டு மழுங்கியிருக்கும். இதே முறையில் ஒட்டகக் குட்டியின் ரோமத்தையும் உறுதி செய்ய முடியுமா? முடியுமானால் தறிநிழல் அவர்கள் ஓர் உருப்பெருக்கியைக் கொண்டே வணிகரின் சொல்லைச் சரிபார்த்துவிடலாம் அல்லவா?

எழுதியவர்: இழைக்கணக்கு

நல்ல கேள்வி. மெரினோ போன்ற ஆடுகளுக்கு அந்த முறை பொருந்தும். ஏனெனில் அவற்றின் ரோமம் உதிராமல் தொடர்ந்து வளர்கிறது. இரட்டைத் திமில் ஒட்டகத்தின் உள்ரோமம் ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்தில் தானாகவே உதிர்கிறது. குளிர்காலத்துக்கு முன் புதிதாக முளைக்கிறது. ஆகையால் இருபது வயது ஒட்டகத்தின் உள்ரோமத்துக்கும் ஆண்டுதோறும் புதிய கூர்நுனி உண்டு. நுனியைக் கொண்டு வயதைச் சொல்ல இயலாது.

எனினும் உருப்பெருக்கி பயனற்றது அன்று. இழையின் மறுமுனையைப் பாருங்கள். அங்கு சிறிய குமிழ் போன்ற வேர்முனை தெரிந்தால், அது தானாகக் கழன்ற நிலையில் சீவியோ பறித்தோ எடுக்கப்பட்டது. நேராக வெட்டுண்டிருந்தால் கத்தரிக்கப்பட்டது. ஒரே இழைக்கற்றையில் மிகக் குறுகிய, இருபுறமும் வெட்டுண்ட துண்டுகள் நிறைய இருந்தால், கத்தரித்தபோது ஒரே இடத்தில் இருமுறை வெட்டியிருக்கிறார்கள் அல்லது இயந்திரத்தில் ரோமம் முறிந்திருக்கிறது என்று பொருள். அத்தகைய ரோமத்தில் நெய்த சால்வையில் நாளடைவில் மணிமணியாக உருண்டைகள் எழும். என்னைப் பொறுத்தவரை, வாங்குவதற்கு முன் வயதைவிட இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

எழுதியவர்: கோபிவாசி

மங்கோலியாவின் தென் கோபிப் பகுதியில் பொறியாளராகப் பணிபுரிகிறேன். அந்நாட்டில் ஒட்டகங்கள் மிகுதியாக வளர்க்கப்படும் மாகாணங்களில் இதுவும் ஒன்று. மேய்ப்பர் குடும்பங்களுடன் பழகியதில் அறிந்தவற்றை எழுதுகிறேன்.

குட்டி ரோமம் ஏன் அரிது என்பதைப் புரிந்துகொள்ள, இந்த விலங்கின் வாழ்க்கைச் சுழற்சியைப் பார்க்க வேண்டும். இணை சேர்வது கடுங்குளிர் மாதங்களில். சினைக்காலம் ஏறத்தாழ 13 மாதங்கள். குட்டி அடுத்த ஆண்டின் வசந்தத் தொடக்கத்தில் பிறக்கிறது. தாய் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையே ஈனும். பிறந்த குட்டி ஒரு முழுக் குளிர்காலத்தைத் தாண்டி, ஏறத்தாழ ஒரு வயதை எட்டும் வசந்தத்தில்தான் அதன் முதல் ரோமம் எடுக்கப்படுகிறது. ஆகவே ஒரு மந்தையில் அந்த ஆண்டு முதல் ரோமம் தரும் விலங்குகள் சிலவே. ஒவ்வொன்றின் உடலும் சிறிது; கிடைக்கும் ரோமமும் குறைவு. ஒட்டகம் 30, 40 ஆண்டுகள் வாழக்கூடியது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதன் வாழ்நாள் ரோமத்தில் முதல் ரோமத்தின் பங்கு எவ்வளவு சிறியது என்பது விளங்கும். விலை உயர்வுக்கு மென்மையோடு இந்த அரிய தன்மையும் காரணம்.

ரோமம் எடுப்பதும் ஒரே நாளில் முடியும் வேலை அன்று. வசந்தத்தில் முதலில் கழுத்துப் பகுதி தளர்கிறது. பிறகு உடல் முழுவதும் ரோமம் திட்டுத்திட்டாகக் கழன்று தொங்கத் தொடங்குகிறது. உதிர்வது ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை நீடிக்கும். கோபியின் வசந்தத்தில் திடீரென்று பனிப்புயல் வீசுவது உண்டு என்பதால், முதிய விலங்கையும் மெலிந்த விலங்கையும் சட்டென்று வெற்றுடம்பாக்க மாட்டார்கள். அவற்றுக்குக் கடைசியில்தான் கத்தரி. ஒரு பகுதி ரோமம் அதற்குள் மண்ணில் விழுந்து வீணாவதையும் பொறுத்துக்கொள்கிறார்கள். குட்டிகளிடமும் அதே பரிவு உண்டு.

பிடரி, தாடி, முன்னங்காலின் மேற்பகுதி, திமிலின் உச்சி ஆகிய இடங்களில் வளரும் நீண்ட முரட்டு ரோமத்தை உடல் ரோமத்தோடு கலப்பதில்லை. அதைத் தனியே எடுத்துக் கயிறு திரிக்கிறார்கள். கூடாரத்தைச் சுற்றிக் கட்டும் கயிறுகளும், விலங்குகளைக் கட்டும் கயிறுகளும் அதிலிருந்து வருகின்றன. நன்கு வளர்ந்த ஆணின் பிடரி ரோமம்தான் இதற்கு உகந்தது. குட்டியின் மென்மையான ரோமத்தில் திரித்த கயிறு நிற்காது. ஆகவே வயது கூடினால் தரம் குறையும் என்று பொதுவாகச் சொல்வதை இங்குள்ளவர்கள் ஏற்க மாட்டார்கள். எந்தப் பயனுக்கு என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.

காயடித்த ஆண் ஒட்டகங்களையும் குறிப்பிட வேண்டும். அவை சினையாவதில்லை, பால் தருவதில்லை, இணைசேரும் பருவத்தில் உண்ணாமல் மெலிவதும் இல்லை. நல்ல உடலோடு ஆண்டுதோறும் நிறைய ரோமம் தருபவை அவைதாம். மிக மெல்லியது என்று சொல்ல முடியாவிட்டாலும், நீளமும் வலிமையும் சீராக இருக்கும்.

எழுதியவர்: ஆலைநூல்

கம்பளி நூற்பாலையில் கொள்முதல் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் ஒரு மாறுபட்ட கருத்தை முன்வைக்கிறேன். இங்கு வயதுக்கு அளவுக்கு மிஞ்சிய இடம் தரப்படுகிறது.

ஆலைக்கு வரும் மூட்டை ஒரே விலங்கினுடையது அன்று. பல மந்தைகளின் ரோமம் சந்தையில் கலந்து, நிறம் வாரியாகப் பிரிக்கப்பட்டு, கழுவப்பட்டு, முரட்டு ரோமம் நீக்கப்பட்டு வருகிறது. தரத்தை நிர்ணயிக்கும் படி அந்த நீக்கம்தான். சுழலும் உருளைகளில் ரோமத்தை மீண்டும் மீண்டும் செலுத்தும்போது, விறைத்த இழைகள் வெளியே தள்ளப்படுகின்றன. மெல்லியவை உருளைப் பற்களோடு ஒட்டி நிற்கின்றன. செலுத்தும் தடவைகளைக் கூட்டினால் தூய்மை கூடும். ஆனால் மெல்லிய இழைகளும் முறிந்து நீளம் குறையும். நல்ல நீக்கம் பெற்ற வளர்ந்த ஒட்டகத்தின் உள்ரோமம், அரைகுறையாக நீக்கப்பட்ட குட்டி ரோமத்தைவிடக் கழுத்துக்கு இதமாக இருப்பதைப் பலமுறை கையில் உணர்ந்திருக்கிறேன்.

'பேபி' என்ற சொல்லையும் அப்படியே வயதுச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தென் அமெரிக்க ரோம விலங்கான அல்பாகாவைக் கொண்டு நடக்கும் பெருவின் ரோம வணிகத்தில் 'பேபி அல்பாகா' என்பது மெல்லிய ரோமத்துக்கான தரப்பெயர். வளர்ந்த விலங்கின் உடலிலிருந்தும் அத்தரம் எடுக்கப்படுகிறது. ஒட்டக ரோமத்திலும் அந்தப் பெயரை முதல் கத்தரிப்பு என்ற பொருளில் நேர்மையாகப் பயன்படுத்துவோர் உண்டு. மெல்லியது என்ற பொருளில் மட்டும் பயன்படுத்துவோரும் உண்டு. அமெரிக்கச் சட்டம் ஆட்டின் மெல்லிய உள்ரோமத்துக்குக் 'காஷ்மீர்' என்று பெயரிடச் சராசரி விட்டம் 19 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்றும், 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைகள் எடையில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுக்கிறது. ஒட்டக ரோமத்துக்கு அதே சட்டம் அப்படி ஓர் எல்லை வகுக்கவில்லை. எல்லை இல்லாத இடத்தில் பெயரை நம்பாமல் எண்ணைக் கேட்பதே முறை.

எழுதியவர்: மேய்ச்சல்வழி

ஆலைநூல் அவர்கள் கூறியதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ஆனால் ஒன்றை மறுக்க வேண்டியிருக்கிறது. இயந்திரம் முரட்டு இழையை நீக்கலாம். உள்ரோமத்தை மெலிதாக்க முடியாது. 20 மைக்ரானில் வளர்ந்த இழை எத்தனை முறை உருளையில் ஏறினாலும் 20 மைக்ரான்தான். மந்தையில் வயது வாரியாகப் பிரிக்காமல் விட்ட தரத்தை ஆலை மீட்டுத் தர இயலாது. மேய்ப்பருக்கு வயது வாரியாக விலை கிடைத்தால்தான் அவர் பிரிப்பார். ஆலை மூட்டைக்கு ஒரே விலை தரும்வரை இராஜஸ்தானின் குட்டி ரோமம் கோணியாகவே போய்க்கொண்டிருக்கும். 2012 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 4 லட்சமாக இருந்த இந்திய ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் ஏறத்தாழ இரண்டரை லட்சமாகக் குறைந்துவிட்டன. அந்த மேய்ப்பர்களுக்கு ரோமத்திலிருந்து கிடைக்கும் சிறு வருமானமும் இன்று பொருட்டானது.

எழுதியவர்: தறிநிழல்

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒரு கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. சால்வை முழுவதையும் குட்டி ரோமத்திலேயே நெய்வதா, பாவுக்கு, அதாவது நீளவாட்டில் ஓடும் இழைகளுக்கு, வேறு நூல் வைப்பதா? என் கைத்தறியில் பாவு நூல் விழுதுகளுக்கிடையே தொடர்ந்து உராயும். நாள்தோறும் தோளில் கிடக்க வேண்டிய சால்வை இது.

எழுதியவர்: ஆலைநூல்

பாவுக்குக் குட்டி ரோமத்தைத் தனியாக வைக்க வேண்டாம். உள்ரோமத்தின் நீளம் 2.5 முதல் 12.5 சென்டிமீட்டர் வரை பரந்து கிடப்பது. ஒரே மூட்டைக்குள் மெல்லிய இழைகள் பெரும்பாலும் குட்டையாகவும் இருக்கும். அவற்றைத் தாங்க முறுக்கைக் கூட்டினால், நீங்கள் விலை கொடுத்து வாங்கிய மென்மை முறுக்கிலேயே போய்விடும். பாவுக்கு மெல்லிய மெரினோ நூலோ, வளர்ந்த ஒட்டகத்தின் நீண்ட உள்ரோமத்தில் இருபுரியாக முறுக்கிய நூலோ வையுங்கள். குறுக்குவாட்டில் ஓடும் ஊடைக்குக் குட்டி ரோமத்தைத் தளர்முறுக்கில் நூற்றுக்கொள்ளுங்கள். சால்வையில் தோலைத் தொடுவது பெரும்பாலும் ஊடைதான் என்னும்படி நெசவை அமைத்துக்கொள்ளலாம். நிறத்தையும் முன்கூட்டியே ஒத்துப் பாருங்கள். குட்டி ரோமம் பெரும்பாலும் இளநிறமாக இருக்கும். சாயமேற்றாத சால்வையில் பாவும் ஊடையும் இருவேறு பழுப்பாகத் தெரிவது சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. வாடிக்கையாளரிடம் சிறு துண்டு நெய்து காட்டிவிடுவது நல்லது.

எழுதியவர்: இழைக்கணக்கு

வணிகரிடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: சராசரி விட்டம், 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைகளின் விழுக்காடு, சராசரி நீளம். ஏற்றுமதிக்குப் பழகிய எவரிடமும் இந்தப் பரிசோதனை அறிக்கை இருக்க வேண்டும். அறிக்கை உங்களுக்கு அனுப்பப்படும் அதே சரக்குத் தொகுதிக்கு உரியதா என்பதையும் பாருங்கள். மூன்றாவது மாதிரியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் கருந்துணி மேல் பரப்பி, முரட்டு இழைகளைக் கையால் பிரித்துப் பாருங்கள். எஞ்சும் உள்ரோமத்தை இரண்டாவது மாதிரியோடு ஒப்பிட்டால், அந்த வணிகரின் நீக்கம் எவ்வளவு தூய்மையானது, அதில் இழை எவ்வளவு முறிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். அறிக்கை வந்ததும் எண்களை இங்கே இடுங்கள். முதல் மாதிரிக்கு அவர் கேட்கும் கூடுதல் விலை தகுமா என்று அப்போது பார்ப்போம்.